காற்றுக்கும் ஒரு காவல்



இந்த வாரம் வந்த கடிதக் கட்டில் ஒரு வாசகி இப்படிக் கேட்டிருக்கிறார்: "தண்ணீரைச் சர்க்கார் சுத்தம் செய்கிறது என்றால் புரிகிறது. தொட்டி இருக்கிறது, குழாய் இருக்கிறது, மருந்து போடுகிறார்கள். காற்றைச் சுத்தம் செய்கிறது என்கிறார்களே, அது எப்படி? துடைப்பமும் முறமும் எடுத்துக்கொண்டு ஆகாயத்தில் ஏறிவிடுவார்களா?"

கடிதத்தைப் படித்துவிட்டு நன்றாகச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான், எனக்கும் இதற்குச் சட்டென்று பதில் தெரியவில்லை என்பது உறைத்தது. சட்டப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பதில் எழுதினால் உங்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆகவே ஓர் ஊரின் கதையாகவே சொல்லிவிடுகிறேன். ஊர் அமெரிக்காவில் இருக்கிறது. பெயர் லாஸ் ஏஞ்சல்ஸ். சினிமா நட்சத்திரங்களின் ஊர் என்று நமக்கெல்லாம் தெரியும். ஒரு காலத்தில் பட்டப்பகலிலேயே எதிர்வீடு தெரியாத ஊராகவும் அது இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

முதலில் அந்த ஊரின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கம் சமுத்திரம்; மற்றப் பக்கங்களில் மலை. சமுத்திரத்திலிருந்து வரும் குளிர்ந்த காற்று தரையோடு தரையாகத் தங்கிவிடுகிறது. அதன்மேல் வெதுவெதுப்பான காற்று ஒன்று வந்து படிந்துகொள்கிறது. சாதாரணமாகக் கீழே சூடும் மேலே குளிர்ச்சியுமாக இருந்தால் புகை மேலே ஏறிக் கலைந்துபோகும். இங்கே எல்லாம் தலைகீழ். இட்லிக் கொப்பரைக்கு மூடி போட்டதுபோல் ஊருக்கே ஒரு மூடி. உள்ளே எழும் ஆவி எங்கே போகும்? அங்கேயே சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

1943-ம் வருஷம் ஜூலை மாதம். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு நாள் ஊர் முழுவதும் மூட்டம் கவிந்தது. மூன்று தெருவுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கண் எரிந்தது, மூக்கு ஒழுகியது, தொண்டை கரித்தது, சிலர் வாந்தி எடுத்தார்கள். ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றே பலர் நினைத்துவிட்டார்கள்! பிறகு, ஊருக்குள் செயற்கை ரப்பருக்கு வேண்டிய சரக்குத் தயாரித்த ஒரு தொழிற்சாலையின்மேல் பழி விழுந்தது. அதை மூடியும் பார்த்தார்கள். மூட்டம் மட்டும் போகவில்லை.

வீட்டில் பால் பாத்திரம் காலியானால், 'பூனைதான்' என்று பூனையை அடித்து விரட்டுகிறோம். மறுநாளும் பால் காணாமல் போனால்தான் வேறு யாரோ என்று யோசிக்கிறோம். அந்தக் கதைதான் அங்கேயும் நடந்தது.

1947-ல் கலிபோர்னியா ராஜ்யத்தின் கவர்னர் ஏர்ல் வாரன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி லாஸ் ஏஞ்சல்ஸ் ஜில்லாவுக்கென்று காற்றைக் காவல் காக்க ஓர் இலாகா ஏற்பட்டது. அமெரிக்காவிலேயே அப்படிப்பட்ட இலாகா அதுதான் முதல். புகைபோக்கிகளையும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளையும் பிடித்து அடக்கினார்கள். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் குப்பை எரிக்கும் அடுப்பு ஒன்று இருக்கும். லட்சக்கணக்கான அடுப்புகள்! 1957-ல் அவற்றுக்கும் தடை போட்டார்கள். "என் வீட்டுக் கொல்லையில் என் குப்பையை நான் எரிக்கக் கூடாதா?" என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். போகிப் பண்டிகையன்று பழைய டயரைக் கொளுத்தாதே என்று நாம் சொன்னால் பக்கத்து வீட்டுப் பையன் முறைக்கிறான் அல்லவா, அந்த மாதிரிதான்.

ஆனால் இத்தனை செய்தும் கண் எரிச்சல் தீரவில்லை. உண்மைத் திருடனைக் கண்டுபிடித்தவர் ஒரு அன்னாசிப்பழக்காரர்!

பழம் விற்றவர் அல்ல. ஹாலந்து தேசத்தில் பிறந்து, கலிபோர்னியாவில் கால்டெக் என்ற கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற பேராசிரியர். அன்னாசிப்பழத்துக்கு அந்த மணம் எதனால் வருகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பழத்தின் ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடித்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பார். அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் பயிரிட்ட கீரையெல்லாம் இலையில் வெள்ளி பூசினாற்போல் தழும்பேறிக் கருகிப்போக, காரணம் என்னவென்று பார்க்கச் சொல்லி அவரிடம் வந்தார்கள். அவர் என்ன செய்தார்? அன்னாசிப்பழத்துக்குச் செய்ததையே ஊர்க் காற்றுக்கும் செய்தார். பழத்திலிருந்து கமகமவென்று சாறு வந்தது. காற்றிலிருந்து வந்ததோ பழுப்பு நிறத்தில் துர்நாற்றம் வீசும் சில சொட்டுத் திரவம். ஊர் ஜனங்கள் சுவாசித்துக்கொண்டிருந்தது அதைத்தான்!

மேலும் மேலும் பரீட்சை செய்து 1950-களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட முடிவு இதுதான். மோட்டாரில் எரிந்தும் எரியாமலும் வெளிவரும் பெட்ரோல் ஆவி ஒன்று. எஞ்சினின் உஷ்ணத்தில் உண்டாகும் நைட்ரஜன் ஆக்ஸைடு என்ற வாயு இரண்டு. இந்த இரண்டையும் நல்ல வெயிலில் வைத்தால் மூன்றாவதாக ஓசோன் என்ற ஒரு காரமான வாயு உண்டாகிறது. ஓசோன் வெகு உயரத்தில் இருந்தால் நம்மைச் சூரியனின் கடுமையிலிருந்து காப்பாற்றும் குடை. கீழே தெருவுக்கு இறங்கி வந்துவிட்டால் நுரையீரலைப் புண்ணாக்கும் எதிரி. ரப்பர் துண்டை வளைத்துக் கட்டித் தொங்கவிட்டு, அது எத்தனை நேரத்தில் வெடிக்கிறது என்று பார்த்தே காற்றில் ஓசோன் இருப்பதை அளந்தார்கள். ரப்பரே வெடிக்கிறது என்றால் குழந்தையின் மூச்சுக்குழாய் என்ன பாடுபடும்!

ஆக, திருடன் தொழிற்சாலைப் புகைபோக்கியில் மட்டும் இல்லை. ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் பளபளவென்று நின்றுகொண்டிருந்தான். காலையும் மாலையும் அவன்மேல்தான் ஏறிச் சவாரி செய்துகொண்டிருந்தார்கள்!

எண்ணெய்க் கம்பெனிகளின் பணத்தில் வேலை செய்த ஆராய்ச்சிக்காரர்கள் இதை மறுத்தார்கள். மோட்டார்க் கம்பெனிகளோ, வண்டியிலிருந்து வருவது உடனே காற்றில் கரைந்துவிடும், அதனால் தொல்லை இல்லை என்று சொல்லிப் பார்த்தன. கென்னத் ஹான் என்ற லாஸ் ஏஞ்சல்ஸ் ஜில்லாப் பிரதிநிதி 1953-லிருந்து கம்பெனித் தலைவர்களுக்குக் கடிதத்தின்மேல் கடிதமாக எழுதிக்கொண்டே இருந்தார். வருஷங்கள்தான் ஓடின. புகையைக் குறைக்கும் கருவிகளை வேண்டுமென்றே தாமதப்படுத்தக் கம்பெனிகள் கூடிப் பேசிக்கொண்டன என்று 1969-ல் அமெரிக்க மத்திய சர்க்காரே அவற்றின்மேல் வழக்குப் போட்டது. கம்பெனிகள் கோர்ட்டில் ராஜிக்கு வந்தன.

இந்த இடத்தில் நம் பெண் குலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் பேனா என்னை மன்னிக்காது. 1958-ல் பெவர்லி ஹில்ஸ் என்ற பகுதியில் குடும்பப் பெண்கள் சிலர் கூடி, புகைமூட்டத்தை ஒழிக்க ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். வெறுமனே கூட்டம் போட்டுக் காபி குடித்துக் கலையவில்லை. ரசாயனம் படித்தார்கள். எந்த ஆலை எந்த எண்ணெயை எரிக்கிறது என்று விவரம் சேகரித்தார்கள். மற்றச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அதிகாரிகள் விசாரணை நடத்தும் இடத்துக்கெல்லாம் போய், "எங்கள் குழந்தைகளுக்கு என்ன பதில்?" என்று கேட்டார்கள். அடுக்களையில் இருப்பவளுக்குப் புகையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா?

* * *

சரி, சர்க்கார் என்னதான் செய்தது?

முதலில் ஓர் அளவுகோல் வைத்தது. காற்றில் இன்ன வாயு இவ்வளவுக்குமேல் இருந்தால் உடம்புக்குக் கெடுதல் என்று வரம்பு நிர்ணயிக்க வேண்டும் என 1959-ல் ராஜ்ய சட்டசபை சட்டம் செய்தது. இது மிகவும் முக்கியம். ஜுரம் எவ்வளவு என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியுமா? அளவுகோல் வைத்த பிறகு, ராஜ்யம் முழுவதும் காற்றை அளக்கும் நிலையங்கள் அமைத்தார்கள்.

அப்புறம் மோட்டாரின்மேல் கை வைத்தார்கள். எஞ்சினின் அடிப்பாகத்திலிருந்து கசியும் ஆவியை மறுபடியும் எஞ்சினுக்குள்ளேயே அனுப்பி எரிக்கும் ஒரு சின்னக் கருவியை 1961-ல் கட்டாயமாக்கினார்கள். 1963-ல் அது அமலுக்கு வந்தது. 1966-ல், வண்டியின் வால்குழாய் வழியாக வரும் புகைக்கே வரம்பு கட்டினார்கள். இந்த இரண்டிலும் கலிபோர்னியாதான் அமெரிக்காவில் முதல்.

1967-ல் கவர்னர் ரொனால்டு ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, ராஜ்யம் முழுவதற்கும் பொறுப்பான 'காற்று வள வாரியம்' பிறந்தது. அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? நம் அன்னாசிப்பழப் பேராசிரியரேதான்!

அதே வருஷம் வாஷிங்டனில் இன்னொரு காரியமும் நடந்தது. வண்டிப் புகைக்கு வரம்பு கட்டும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கே என்று சட்டம் வந்தது. ஆனால் கலிபோர்னியாவின் கஷ்டம் விசேஷமானது என்பதால், அந்த ஒரு ராஜ்யம் மட்டும் மத்திய சர்க்காரின் அனுமதி பெற்று இன்னும் கடுமையான விதி வைத்துக்கொள்ளலாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். பிற்பாடு மற்ற ராஜ்யங்களும் கலிபோர்னியாவின் விதியை எடுத்துக்கொள்ள வழி பிறந்தது. கோடிக்கணக்கான ஜனங்கள் வண்டி வாங்கும் இடம். அங்கே விற்க முடியாத வண்டியைச் செய்து எந்தக் கம்பெனி பிழைக்கும்? "முடியாது, முடியாது" என்றவர்கள் முடித்துக் காட்டினார்கள். 1975-ம் வருஷ மாடல்களில், புகையிலுள்ள விஷத்தை வெளியே வருமுன்பே மாற்றிவிடும் வினையூக்கிப் பெட்டி வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் அந்தப் பெட்டியைக் கெடுத்துவிடும் என்பதால், ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது.

சகோதரிகளே, இது ஏதோ சீமைச் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1995 ஏப்ரலிலிருந்து சென்னை உள்ளிட்ட நம் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அந்தப் பெட்டியும் ஈயமில்லாத பெட்ரோலும் கட்டாயமாயின. லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய போராட்டத்தின் பலன் நம் மவுண்ட் ரோடு வரைக்கும் வந்திருக்கிறது.

வேலையையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ராஜ்யத்தில் 35 வட்டார இலாகாக்கள் உண்டு. ஆலைகள், பெட்ரோல் நிலையங்கள் முதலியவற்றுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுப்பதும், போய்ச் சோதிப்பதும், தப்புச் செய்தால் அபராதம் போடுவதும் அவற்றின் வேலை. மோட்டார், எரிபொருள், கடையில் விற்கும் சாமான்கள் இவையெல்லாம் ராஜ்ய வாரியத்தின் பொறுப்பு. பெட்ரோல் போடும்போது கம்மென்று ஒரு வாடை வருமே, அந்த ஆவியைக்கூட வெளியே விடாமல் உறிஞ்சிக்கொள்ளும் குழாயை 1970-களிலேயே கொண்டுவந்தார்கள். 1990 வாக்கில், கூந்தலுக்குப் பீச்சிக்கொள்ளும் ஸ்பிரேயையும் விடவில்லை! ஒருத்தி பீச்சினால் ஒன்றுமில்லை. கோடிப் பேர் பீச்சினால் அதுவும் ஓர் ஆலைக்குச் சமானந்தானே? சரக்கைத் திருத்திச் செய்யச் சொன்னார்கள். கொண்டை ஒன்றும் அவிழ்ந்துவிடவில்லை.

* * *

என் தங்கை மகள் ஒருத்தி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகில் குடியிருக்கிறாள். சென்ற வருஷம் ஒரு நாள் டெலிபோனில் கூப்பிட்டு, "பெரியம்மா, பரீட்சையில் பெயில்!" என்றாள்.

"யாரடி பெயில்? குழந்தையா?" என்று பதறிவிட்டேன்.

"குழந்தை இல்லை பெரியம்மா, என் பழைய கார்!"

அந்த ஊரில் சற்றுப் பழசான வண்டிகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புகைப் பரீட்சை உண்டு. 1984-ல் ஆரம்பித்த ஏற்பாடு. அதில் தேறாவிட்டால் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள். பழுது பார்த்துத் தேறிய பிறகுதான் ரஸ்தாவில் ஓட்டலாம். வசதி குறைந்தவர்களுக்குப் பழுது பார்க்கச் சர்க்காரே ஓரளவு பண உதவியும் செய்கிறது. இவளுக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. சம்பளம் அதற்கு அதிகமாம். பணம் போகிறதே என்று பொருமித் தீர்த்தாள்.

"போனால் போகிறது, விடு" என்று சமாதானம் சொன்னேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பணத்துக்காகக்கூட இல்லை பெரியம்மா. இவளுக்கு இழுப்பு இருக்கிறதே! பள்ளிக்கூட வாசலில் தினமும் காற்றுக்குத் தகுந்தாற்போல் ஒரு கொடி ஏற்றுவார்கள். பச்சை என்றால் விளையாடலாம். ஆரஞ்சு என்றால் இவளைப் போன்ற குழந்தைகள் அதிகம் ஓடக்கூடாது. 'அம்மா, இன்றைக்கு ஆரஞ்சுக் கொடி' என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவாள். அந்தக் கொடிக்கு என் காரும் காரணமாக இருந்திருக்கிறது பார்!" என்றாள்.

எனக்கும் பதில் சொல்லத் தோன்றவில்லை.

இதனால் எல்லாம் பலன் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அதைச் சொல்லும் சாட்சிகள் குழந்தைகளே. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 1990-களின் தொடக்கத்திலிருந்து பள்ளிக் குழந்தைகளை வருஷா வருஷம் ஒரு கருவியில் ஊதச் சொல்லி, நுரையீரல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளந்து வந்தார்கள். 2015-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கு இது: 1994 முதல் 1998 வரை கவனித்த குழந்தைகளில், 15 வயதில் நுரையீரலின் பலம் மிகவும் குறைந்திருந்தவர்கள் நூற்றுக்கு 7.9 பேர். அடுத்த கோஷ்டியில் 6.3 பேர். 2007 முதல் 2011 வரை கவனித்தவர்களில் 3.6 பேர்தான். இடையில் காற்று சுத்தமாகியிருந்தது. பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. நுரையீரல் வளரும் வயது ஒன்று உண்டு. அந்த வயதில் விட்டதைப் பிற்பாடு எந்த டானிக் கொடுத்தும் பிடிப்பது கடினம். ஆகையால் இந்தக் கணக்கில் இருப்பது வெறும் தசம புள்ளி அல்ல. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காத ஓர் ஆயுட்காலம் இருக்கிறது.

காவல்காரன் இருந்தால் ஏமாற்றுகிறவனும் இருப்பான். வோக்ஸ்வேகன் கம்பெனி, பரீட்சை நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அப்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் தந்திரத்தை டீசல் கார்களுக்குள் ஒளித்து வைத்திருந்தது. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் வாத்தியார் சிரிப்பாரே, அந்த மாதிரி! ரஸ்தாவில் ஓடும்போது அந்தக் கார்கள் சில சமயம் வரம்பைப்போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடு விட்டன. கலிபோர்னியா வாரியத்தின் பரிசோதனைக்காரர்கள் விடாப்பிடியாகத் துருவித் துருவிக் கேட்டதில்தான் 2015 செப்டம்பரில் குட்டு வெளிப்பட்டது.

கதை சுபமாக முடிந்துவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். மலையும் சமுத்திரமும் வெயிலும் இருந்த இடத்திலேதான் இருக்கின்றன. ஓசோன் விஷயத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் இன்னும் அமெரிக்காவின் மோசமான ஊர்களில் ஒன்றுதான். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் டீசல் லாரிகளின் சாலை ஓரத்தில் பெரும்பாலும் ஏழை எளியவர்கள்தான் வசிக்கிறார்கள். போதாதற்குக் காட்டுத் தீ வேறு. 2020 செப்டம்பர் 9-ந் தேதி சான் பிரான்சிஸ்கோவில் பகலிலேயே ஆகாயம் ஆரஞ்சு நிறமாக இருண்டு, ஜனங்கள் விளக்கேற்றிக்கொண்டார்கள். 2035-க்குள் புதிதாக விற்கும் கார்கள் எல்லாமே விதியின் கணக்கில் 'புகையற்றவை' என்று எண்ணப்படும் வண்டிகளாக இருக்க வேண்டும், பெரும்பாலும் மின்சார வண்டிகள், என்று 2022-ல் வாரியம் ஒரு விதி செய்தது. அதற்குக் கொடுத்திருந்த அனுமதியை ரத்துச் செய்யும் தீர்மானத்தில் 2025 ஜூனில் ஜனாதிபதி கையெழுத்திட்டார். கலிபோர்னியா உடனே கோர்ட்டுக்குப் போயிற்று.

கடிதம் எழுதிய வாசகிக்கு இப்போது என் பதில். இல்லை அம்மா, காற்றைப் பெருக்க யாராலும் முடியாது. கலந்த பிறகு எடுக்க முடியாத அழுக்கு அது. பாலில் விழுந்த உப்பு மாதிரி. கலக்குமுன் பிறக்கிற இடத்திலேயே மடக்க வேண்டும். எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பேராசிரியர் வேண்டும். எவ்வளவு என்று அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். பெரிய மனிதர்கள் முகம் சுளித்தாலும் விதியைத் தளர்த்தாத சர்க்கார் வேண்டும். சர்க்கார் அசந்தால் தட்டி எழுப்ப உங்களையும் என்னையும் போன்ற பெண்கள் வேண்டும். 1943-ல் தொடங்கிய காரியம், 80 வருஷத்துக்கு மேலாகியும் முடியவில்லை. வீடு பெருக்குகிற வேலை என்றைக்காவது முடிந்திருக்கிறதா? அதற்காக நாம் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டோமா?

நேற்று மறுபடியும் டெலிபோன் வந்தது. பேசியவள் தங்கை மகள் இல்லை, அவள் குழந்தை. "பாட்டி, இன்றைக்குப் பச்சைக் கொடி!" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்லுமுன் விளையாட ஓடிவிட்டாள்.

மற்றவை அடுத்த வாரம்.